இரண்டாம் நிலவின் பெயர்

நவம்பரில் வந்தது அந்தக் கடிதம்.
டுலூத் துறைமுகத்தில், ஏரி உறைவதற்கு முன்,
இரும்புத்தாதுக் கப்பல்கள் அவசரப்பட்டுக்கொண்டிருந்த வாரம்.

மார்லிஸ் ஹாகென், வயது அறுபத்தொன்று,
பழுதான வண்டிகளை இழுத்துவரும் நிறுவனத்தில்
இரவுநேரத் தொலைபேசிக்காரி,
அதை இரண்டு முறை படித்தாள்.
மூன்றாம் முறை பாதியில் வைத்தாள்:
பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிய
லாரிக்காரன் ஒருவன் அழைத்துவிட்டான்.

ஏழு நாள் கெடு.
முந்நூற்றுப் பதினாறு படங்கள்,
இருபத்திரண்டு அத்தியாயங்களின் வசனங்கள்
'எமது கட்சிக்காரரின் சொத்து.'

சொத்துதான். அவள் மறுக்கவில்லை.
இரண்டே பருவம் ஓடி
பார்க்க ஆளில்லாமல் நின்றுபோன விண்கலத் தொடர்.
நிறுத்தியவர்கள் அரங்கை உடைத்து விற்றார்கள்.
கேப்டனின் நாற்காலி
ஏதோ பல் மருத்துவரிடம் போயிற்று.
இவள் மட்டும்
பத்தொன்பது வருடம்
ஒளிநாடாவை நிறுத்தி நிறுத்தி
மாலுமிகளின் சட்டைப் பித்தான்களை எண்ணினாள்.
கலத்தின் சமையலறை எந்தத் தளத்தில் என்று
எழுதியவருக்கே தெரியாததை
கதவுகள் திறக்கும் திசையை வைத்துக் கண்டுபிடித்து
கேட்டவர்க்கெல்லாம் காட்டினாள்.
காசு வாங்கவில்லை.

நூலகத்தில் வியாழன்தோறும்
இலவசமாய்ச் சட்டம் சொல்லும் பகௌ ஷியோங்
நான்கு விரல்களை நீட்டினாள்.
எதற்காக எடுத்தாய்,
எடுத்தது எப்படிப்பட்ட பொருள்,
எவ்வளவு எடுத்தாய்,
எடுத்ததால் அவர்கள் கல்லாவில் என்ன குறைந்தது.
"இதற்குப் பெயர் நியாயப் பயன்பாடு."
"அப்படியானால் நான் நியாயமா?"
"வழக்குப் போட்டால்தான் தெரியும்.
வசனத்தை முழுசாய்ப் போட்டிருக்கிறாயே, அது உதைக்கும்."
மார்லிஸ் கேட்டாள்:
சூப்புக்கு உப்பு ஒரு சிட்டிகை.
இதில் சிட்டிகை எவ்வளவு?
வழக்கறிஞர் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நான் கொஞ்சம் குறுக்கிடுகிறேன்.
இதை எழுதும் மொழியில்
களவு என்றால் திருட்டு.
ஊரறியாமல் ஒருத்தி வைத்த காதலும் களவு.
இரண்டாயிரம் வருடமாய்
ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு
நாங்களும் சமாளிக்கிறோம்.
கடிதத்தின் கீழிருந்த கையெழுத்துக்கு
இது தெரிய நியாயமில்லை.

ஆறாம் நாள் இரவு படங்களை எடுத்தாள்.
வசனங்களையும்.
வெற்றுக் கட்டங்களுக்குள்
சொந்த வாக்கியங்களை வைத்தாள்:
'இங்கே கேப்டன் பொய் சொல்கிறாள்,
இடது கண் மட்டும் இமைக்கிறது.'
'இங்கே சுவரில் மைக்கின் நிழல்,
மன்னித்துவிடுங்கள்.'
'இங்கே யாருமில்லை.
வெறும் நடைவழி, பதினோரு நொடி.
எனக்குப் பிடிக்கும்.'

இரண்டு வருடம் கழித்து
அதே நிறுவனம் தொடரைத் தூசிதட்டியது.
புது முகங்கள், விலையுயர்ந்த வெளிச்சம்.
நான்காம் அத்தியாயத்தில்
கலம் இரண்டாம் நிலவைச் சுற்றுகையில்
இளைய மாலுமி ஒருவன் அதன் பெயரைச் சொன்னான்.

பழைய தொடரில்
இரண்டாம் நிலவுக்குப் பெயரே கிடையாது.
வரைபடத்தில் ஓரிடம் வெள்ளையாய் உறுத்த,
ஏதோ ஒரு மார்ச் மாதம்
மார்லிஸ்தான் எழுதிவைத்தாள்,
அப்போது மடியில் கிடந்த பூனையின் பெயரை.
மேவா.

பூனை செத்து ஒன்பது வருடம்.
திரையின் அடியில் பொடி எழுத்தில்
உரிமை முழுதும் நிறுவனத்துக்கே என்று ஓடியது.

பகௌ போனில் கொதித்தாள்.
நான்கு விரலையும் அந்தப் பக்கம் திருப்புவோம் என்றாள்.
ஒற்றைப் பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது என்று
அவளே சொல்லிவிட்டு
மறுபடியும் கொதித்தாள்.

மார்லிஸ் காட்சியைப் பின்னோட்டிக்கொண்டிருந்தாள்.
மெவா என்கிறான் பையன்,
குறிலாக, பாதி விழுங்கி.

"மே," என்றாள் திரையிடம்.
"மேவா. நீட்டிச் சொல்.
கூப்பிட்டால் அது வரவேண்டாமா?"